மத்தளம் நின்ற தபசு

கவரைப்பேட்டை,
10-5-1956, வியாழன்.

பெரம்பூர்வாசியும் பேண்ட்வாசியுமான மகாராஜராஜஸ்ரீ தேசப்பன் துரை அவர்களுக்கு, கூத்தாடி கலியன் எழுதிக்கொண்டது. இங்கே யாரும் நலமில்லை. அங்கே நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை.

கூத்தாடி என்பது நீ வைத்த பேர்தான். போன மாதம் பாரதக் கூத்துக்கு உன்னை அழைக்கத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தேனே, அன்றைக்கு உன் டீக்கடைச் சிநேகிதன் ஒருவன் என்னைக் காட்டி யார் இவன் என்று கேட்டான். நீ சிரித்துக்கொண்டே, "ஊர்ல கூத்தாடற பையன், வேற ஆரையோ தேடிக்கினு வந்துட்டான்" என்றாய். உனக்கும் கூத்து தெரியுமா என்று அவன் கேட்டதற்கு, "சேச்சே, நமக்கு அதெல்லாம் இன்னான்னே தெரியாது" என்றாய். வெற்றிலையை நீ தொடவில்லை. திரும்பும் வழியில் அதை நானே மென்று துப்பினேன். வாய் சிவந்ததோ இல்லையோ, கண் சிவந்தது.

அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று உன் அப்பா அரசப்பன் மாமாவிடம் புளுகினேன். "கம்பெனின்னா அப்படித்தான்" என்று மாமா மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டே சொன்னார்.

நேற்றுப் பகல் அர்ச்சுனன் தபசு. நீ போடும் அர்ச்சுனன் வேஷம் இந்த வருஷம் பரசுராமனுக்கு. மூன்று வாரமாக வசனத்தை நெட்டுருப் போட்டவன். அவன் தபசு மரத்தில் பாதி ஏறியதும் கட்டியக்காரனான நான் வழக்கம்போலக் கீழே நின்று, "இன்னா சாமி, மேலேருந்து பார்த்தா இன்னா தெரியுது?" என்று கேட்டேன். போன வருஷம் இதே கேள்விக்கு நீ, "உன் மாமன் ஊட்டுக் கொல்லையில நீ திருடித் தின்ன மாங்கொட்டை தெரியுது" என்றாய். அது எனக்கே தெரியாமல் வந்த கேள்வி. நீ பதில் சொன்ன பிறகுதான் நான் நல்ல கேள்வி கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தப் பதில் விழுந்த இடத்தில் மத்தளத்தில் அரசப்பன் மாமாவின் கை விழுந்தது, கை விழுந்த இடத்தில் என் கால் தானாக எழும்பியது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூச்சு ஓடியது. வெயில் சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

பரசுராமனோ, "யாம் பாண்டு மைந்தன், வில்லுக்கு விஜயன்" என்றான். சரி, கட்டெறும்பு கடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "பாசுபதம் பெறவே வந்தனம்" என்றான். எறும்பிடமா என்று கேட்டேன். அதற்கும் பாண்டு மைந்தனையே இழுத்தான். சுவரில் பந்தடித்தால்கூடத் திரும்பி வரும். ஜனங்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உன்மேல் வந்த கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

மாமா பக்கம் திரும்பினேன். "மாமா, உன் புள்ள இந்த மரத்துல ஏறுவானே, எங்க அவன்? கூத்துன்னா இன்னான்னே தெரியாதுன்னு பெரம்பூர்ல சொல்லிக்கினு கீறானாமே. அப்பன் பேரைக் கேட்டா அதுவும் தெரியாதுன்னுடுவானோ?" என்று கேட்டுவிட்டேன். கட்டியக்காரன் யாரையும் கேலி செய்யலாம், யாரும் கோபிக்கக்கூடாது என்பது நம் வழக்கம்தானே. ஊரே சிரித்தது.

மத்தளம் நின்றது. பரசுராமன் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ஆகாயத்திலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மாமா இடுப்பு வாரை அவிழ்த்தார், மத்தளத்தைக் கீழே வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. மீதி மரத்தைத் தாளமில்லாமலே ஏறினான் பரசுராமன். மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே மடியேந்தி நின்ற பெண்கள்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

தப்பு என்னுடையது, தெரியும். ஆனால் அந்த வார்த்தையைச் செய்து கொடுத்தது நீ. நான் வெறும் தபால்காரன். இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்று காலை உன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அடிப்பாள் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். முத்தம்மாள் அத்தை அடிக்கவில்லை. "உன் மேல அவருக்குக் கோவம் இல்லடா. புள்ள நெசமா அப்படிச் சொன்னானான்னு ராத்திரிலேருந்து அதையே கேட்டுக்கினு கீறாரு. சொல்லலன்னு ஒரு வார்த்தை நீ வந்து சொல்லிடு கலியா" என்றாள். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் வாயைத் திறந்தாலே புளுகுகிறவன் நான். மாமா கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் போய் நின்றேன். அந்த ஒரு புளுகு மட்டும் வாயில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வரும் ஞாயிறு காலையில் படுகளம். செத்துக் கிடக்கும் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைக்க ஆள் வந்தாகிவிட்டது. அவனைச் சுற்றி ஆட மத்தளம் வேண்டும். மாமா தொடமாட்டேன் என்கிறார். திருவாலங்காட்டிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவரலாம் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டால் மாமா இனி மத்தளத்தைத் தொடவே மாட்டார். இது எனக்குத் தெரியும், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு வா. ஆடச் சொல்லவில்லை. பேண்ட்டோடே வா. நேராக வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, கலியன் சொன்னது புளுகு என்று சொல். அந்தப் பயல் என்றைக்கு நிஜம் பேசினான் என்று கேள். ஊர் கூடியிருக்கும்போது சொன்னாலும் சரிதான். நான் ஆமாம், புளுகினேன் என்பேன்.

திரௌபதை அம்மன் உன்னைச் சுகமாக ரயிலேற்றிவிடட்டும். மற்றதை அப்புறம் நானும் நீயும் அடித்துக்கொள்ளலாம்.

கோபம் கொஞ்சமும் குறையாத,
கலியன்.