கையால் இழுக்கும் கிளட்ச்

1973 பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் நல்ல பனி. ஏரி தெரியவில்லை, ரயில் சத்தம் மட்டும் கேட்டது. நான் பல் விளக்கும் முன்பே மகள் விமலா கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். பதினெட்டு வயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டாமா?

இன்றைய வேலை:
- கார்புரேட்டர் கழற்றிக் கழுவியது (வி.)
- கழற்றிய திருகாணிகளைக் கவரில் போட்டு, பெயர் எழுதி ஒட்டியது (நான்)
- சீட்டுக்கு அடியில் மறுபடியும் கோழி இறகு. ஐந்து மாதமாக எடுக்கிறோம்.

டைப்ரைட்டர் மெக்கானிக்குக் கார் கிடைத்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். மாமல்லபுரத்தில் கடலோரம் பங்களா வைத்திருந்த டாக்டர் ஊரை விட்டுப் போனபோது கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் அவர் டைப் மிஷினைப் பார்த்தேனாம், அதற்காக. "கோழி முட்டை போடுதுய்யா அதுல. எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, இரண்டே சீட். மூக்கில் இருந்த பெயர்ப் பட்டையை யாரோ எப்போதோ பிடுங்கியிருக்கிறார்கள். தகரத்தில் பாதியை உப்புக் காற்று தின்றிருந்தது.

நான் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் மிஷின் பார்க்கப் போகத்தான் இந்தக் கார் என்று என் மனைவி சரோஜா நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை. இது வி.க்கு. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிற்று. வலது கால் திடம். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் அது போதும். பாக்கி கிளட்ச் ஒன்றுதான். அதைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் அவளே ஓட்டலாம்.

ச.விடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. அஜீரணம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது! சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மிஷினில் ஷிப்ட் கீ சிக்கிக்கொண்டது. சரி செய்யும்போது பளிச்சென்று பட்டது. சுண்டு விரலால் அமுக்கினால் உருளையின் அத்தனை கனத்தையும் தூக்குகிறதே, எப்படி? நீளக் கம்பி, நடுவில் ஒரு அச்சு. அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு பிடி. கட்டை விரல் ஸ்டீயரிங்கில் இருக்கும், மற்ற நான்கு விரலும் பிடியை இழுக்கும். இடது கை கியருக்கு.

சாயங்காலம் படம் போட்டு லேத்துப் பட்டறை காதர் பாயிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா மிஷின்காரரே, காரு உனுக்கா, பாப்பாவுக்கா?"

"பாப்பாவுக்கு." வெளியாள் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? உன் கை அளவுக்குப் போட்டு வெச்சிகிற. பாப்பா கையி அளவு எடுத்துகினு வா."

பிப்ரவரி 9, வெள்ளி

பிடி மாட்டியாயிற்று. நான் இழுத்தேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பாதி வந்தது.

வி. இழுத்தாள். முழுசாக வந்தது.

"நைனா, உன்னுது ரிப்பன் மாத்துற கை. என்னுது பதினஞ்சு வருசமா கட்ட புடிச்ச கை."

அவள் முழங்கைக்கு மேலே சதை இறுகியிருப்பதை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தது காலை மட்டும்தான் போலிருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

வெயில். பெயிண்ட் அடித்தோம். பஸ் பாடி கட்டுகிற இடத்தில் மிஞ்சிய பச்சை. நான் அடக்கமாகச் சாம்பல் நிறம் போடலாமென்றேன். "மிஷின் கலரா? நான் இன்னா தாலுகா ஆபீசா ஓட்டப் போறேன்?" பச்சைதான். கதவுக்கு உட்பக்கம் கட்டை வைக்க இரண்டு தோல் வார் தைத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் "நல்லா கீது நைனா" என்று பாராட்டு.

மோர் கொண்டுவந்த ச. பிடியைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது?"

"ஒரு மாதிரி... கைப் பிரேக்."

"கைப் பிரேக்கு அந்தாண்ட கீது. எழுத்துதான் எனுக்குத் தெரியாது, கண்ணு நல்லாத் தெரியும்."

நானும் வி.யும் திருடனைப் போல நின்றோம். ச. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "ஒரு காலு போனது போதும்." மோர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஓடுகிறது! திருக்கழுக்குன்றம் வரை போய் வந்தோம். ஓட்டியது நான், பக்கத்தில் வி. காற்றில் கண்ணில் நீர். மலையடிவாரத்தில் டீ. டீக்கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மேல மூடி வர்லியா இன்னும்?" என்று கேட்டார்.

வி.யிடம் "நாளைக்கு நீ" என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

மறுபடியும் நான்தான் ஓட்டினேன். இதுவரை நான் சொன்ன காரணங்கள்:
- பிரேக்கை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்
- லாரி ஜாஸ்தி
- எருமை
- எல் போர்டு பெயிண்ட் காயவில்லை
- சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும்

திரும்பும்போது வி. கேட்டாள்: "நைனா, நீ டெஸ்ட் பண்றது காரையா, என்னையா?"

பதில் சொல்லவில்லை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். பயம். அவள் நடக்கப் பழகிய வருஷம் அத்தனை தடவை விழுந்தாள், அத்தனை தடவையும் ஓடிப்போய்த் தூக்கியவன் நான். முப்பது மைல் வேகத்தில் விழுந்தால் எப்படித் தூக்குவது?

பிப்ரவரி 17, சனி

மாசி மகக் கூட்டம். மாமல்லபுரத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம் கூரை மேலும் ஆள். காரை எடுக்கவில்லை. நல்ல காரணம், நானாகத் தேட வேண்டியிருக்கவில்லை. வி. நிற்கிற காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிடியை இழுத்து, கியர் போட்டு, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள். வாயால் வேறு சத்தம். ச. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் பார்த்ததும் போய்விட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இந்தக் காரில் சக்கரத்துக்கு நாலு போல்ட் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு காதோடு. காதில் சுத்தியலால் அடித்து முடுக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கக் கழற்றிய சக்கரங்களைத் திரும்ப மாட்டியது நான். எப்படி மாட்டினேன்? கையால் திருகி, மரச் சுத்தியலில் துணி சுற்றி, இரண்டு தட்டு. இருபத்தாறு வருஷப் பழக்கம். டைப்ரைட்டரில் ஒரு திருகாணியை அழுத்தி முடுக்கினால் மரை போய்விடும். மரை போனால் பிழைப்பே போயிற்று.

இன்றும் ஓட்டியது நான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வி. சொன்னாள்: "பின்னாடி கிளிக் கிளிக்னு இன்னாமோ சத்தம் வருது நைனா."

"கம்பிச் சக்கரம் அப்படித்தான் பேசும்" என்றேன். பெரிய மேதாவி.

சவுக்குத் தோப்பு ஆரம்பிக்கிற இடம். இடது பக்கம் ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. யார் வண்டியோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் கார் பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்து, ரோட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் சவுக்குத் தோப்புக்குள் தனியாகப் போய்ச் சாய்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. தெய்வமே. வி.யின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "நைனா, உன் மூஞ்சப் பாக்கணுமே!" நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நட்டைக் காணோம். வந்த வழியே தேடிப் போனால் எதிரே மீன்காரம்மா ஒருத்தி. கூடையில், மீனுக்கு நடுவில் நட்டு! "ரோட்டுல கெடந்துச்சு. ரெண்டு கை நீட்டிகினு நண்டாட்டம் கீதேன்னு எட்தேன். உன்னுதா? இந்தா." அவளே குரல் கொடுத்துக் குப்பத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டாள். கட்டுமரத்தைத் தூக்குகிற மாதிரி ஏலேலோ போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவர், "அண்ணாத்த, வூட்டுக்குப் போனதும் சுத்திப் போடு" என்றார்.

நட்டை முடுக்கியது வி. ரோட்டில் உட்கார்ந்து, இரும்புச் சுத்தியலால். ஒவ்வொரு அடிக்கும் எனக்குப் பல் கூசியது. "மரை போய்டும்மா, மரை!" என்று கத்தினேன்.

"மர பத்ரமா கீது நைனா. சக்கரந்தான் போச்சு."

மற்ற மூன்றையும் அடித்து இறுக்கினாள். மூன்றுமே லூஸ். வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். 'நான் ஓட்டட்டுமா' என்று அவள் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

ச.வுக்கு நாங்கள் சொல்லும் முன்பே பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து ஒரே வார்த்தை: "வித்துடுங்க." சாப்பாடு போடும்போது, தண்ணீர் வைக்கும்போது, பாயை விரிக்கும்போது.

காதர் பாயிடம் போய், வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் மனசில் ஒரு நிம்மதி. வெட்கமாக இருக்கிறது எழுத. ஆனால் நிம்மதிதான்.

வி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்து கொட்டகைப் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

காரை விற்கப் போவதை வி.யிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"சக்கரத்த மாட்டினது யாரு?"

"நான்."

"சத்தம் வருதுன்னு சொன்னது?"

"நீ."

"ஓட்டினது?"

"நான்தாம்மா."

"அப்ப என் கைலேர்ந்து ஏன் நைனா புடுங்கற?"

அவள் கடைசித் துணி வரை மடித்து முடித்தாள். அந்த நேரம் முழுவதும் நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

தலைவலி. இரண்டு மிஷின் பாக்கி. பாயிடம் ஆள் பார்க்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். "எனுக்குத் தெரியும், அதான் நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.

ச.விடமும் சொன்னேன்: "ஞாயித்துக்கிழம விமலாதான் ஓட்டப் போறா." அவள் முறத்தை இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினாள்.

பிப்ரவரி 24, சனி

ச.விடமிருந்து பேச்சு இல்லை. மூன்றாவது நாள். ரசம் மட்டும் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

சாயங்காலம் கொட்டகையில் பார்த்தால் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி சட்டைப் பையிலேயே இருந்தது நல்லதாயிற்று.

சவுக்குத் தோப்பு நேர் ரோடு வரை நான் ஓட்டினேன். அங்கே இடம் மாறினோம். வி. கட்டையை வாரில் செருகினாள், முந்தானையை இடுப்பில் சொருகினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாலு தடவை நின்றுபோனது. ஐந்தாவது தடவை தவளை மாதிரி குதித்துக்கொண்டு போனது. "மெதுவா விடு, மெதுவா விடு" என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் குதித்தது. "நைனா, வாய மூடிகினு வரியா?" மூடினேன். அப்புறம் குதிக்கவில்லை.

எத்தனை தடவை போனோம், வந்தோம், எண்ணவில்லை. திடீரென்று நிறுத்தினாள்.

"எறங்கு நைனா."

"ஏம்மா, சக்கரமா?"

"எறங்கேன்."

இறங்கிக் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கார் பக்கத்தில் இல்லை. கோடியில் போய், மாட்டு வண்டி ஒன்றுக்கு வழிவிட்டு, திருப்பிக்கொண்டு வந்தாள். காதை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டேன். செகண்ட். தர்ட். சரியான இடத்தில், சத்தமே இல்லாமல். நான் மாற்றினால் கறக் என்று கடிக்கும்.

என் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று ஒதுங்கி நின்றேன். நிற்கவில்லை. இடது கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். செங்கல்பட்டுப் பக்கம், வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். பச்சை கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

செருப்பு காரில். வெறுங்காலோடு அரை மணி நின்றேன். இரண்டாவது பஸ்தான் நின்றது. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே குனிந்து இரண்டு பக்கப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கும் பச்சை கிடக்கவில்லை. பக்கத்து சீட்காரர், "இன்னா சார், எதுனா தொலச்சிட்டியா?" என்றார்.

வீடு பூட்டியிருக்கிறது. கொட்டகை காலி. ச.வும் இல்லை. பதறிப்போய் எதிர் வீட்டு மல்லிகா அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பாப்பா வந்து பாம் பாம்னு அட்ச்சிச்சு சார். அம்மா வெளில வந்து திட்டிச்சு பாரு, தெருவே நின்னு கேட்டுது. அப்பறம் உள்ள போயி நல்ல பொடவையா கட்டிகினு வந்து பாப்பா பக்கத்துல குந்திகிச்சு. நான் கூட கேட்டேன், சக்கரம் கயண்டுச்சாமே, பயமா இல்லியான்னு."

"என்ன சொன்னா?"

"அதெல்லாம் அவரு ஓட்னாதான். இவ ஓட்டுவா, நான் வரேன்னுச்சு."

மணி ஐந்தேகால். இன்னும் வரவில்லை. வீட்டுச் சாவி ச.விடம்.