அம்மாவுக்கு ஒன்றுமில்லை, புறப்பட்டு வந்துவிடாதே

சேசு மரி சூசை துணை

வல்லம்
19-6-91, புதன் இரவு

அன்புள்ள சகாயமேரி அக்காவுக்கு, தங்கை ஷாலின் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா சுகம், நான் சுகம், அம்மாவும் சுகம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் இதைத்தான் எழுதுகிறோம், நீயும் சரியாகப் படிக்காமல் தாண்டிப் போவாய். இந்த முறை தாண்டாதே அக்கா. அம்மாவும் சுகம். நேற்றுத் தபாலில் போன கடிதத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வேலையை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா என்று இருக்கும். கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் அது பொய். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அம்மா இன்று காலையில்கூட ஏரிக்கரையிலிருந்து ஒரு கட்டு விறகு சுமந்து வந்து போட்டுவிட்டு, நான் சரியாகப் பெருக்கவில்லை என்று என்னைத் திட்டினாள். அந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் இது வரவேண்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அதுதான் முதலில் வந்துவிட்டது என்றால் நீ பெட்டி கட்டுவதற்கு முன்னாலாவது வரவேண்டும். அப்பா நைட் ஷிப்டுக்கு மறைமலை நகர் போயிருக்கிறார். அம்மா தூங்குகிறாள். நான் அடுப்படியில் சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் நடுத்தாளைப் பிரித்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிடுவார், அந்தப் பயத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எதற்காக இந்தப் பொய் என்று கேட்பாய். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். குன்றத்தூரில் ஃபிரடி என்று ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், அப்பாவோடு அதே கம்பெனியில் வேலை, நல்ல குடும்பம் என்று நம் கோயில் உபதேசியார் சொன்னார். உன் போட்டோ வேண்டும் என்றார்கள். அம்மா என்னிடம் ஸ்டூடியோ போட்டோவை எடுத்துக் கவரில் வைக்கச் சொன்னாள். நீ பட்டுப்புடவை கட்டி, கையில் பிளாஸ்டிக் ரோஜாவைப் பிடித்துக்கொண்டு, யாரோ அதட்டினாற்போல் முழித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் போட்டோ. அதைப் பார்த்தால் எனக்கு உன் ஞாபகமே வருவதில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் உன்னைப் பார்க்க வேண்டாமா என்று தோன்றியது. எனக்கு மட்டும் என்று நீ மார்ச் மாதம் அனுப்பினாயே, தோளில் இரும்புத் தடியும் வட்டுகளும், முகமெல்லாம் வேர்வை, வாயைத் திறந்து கத்துகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாது, அதை வரலாற்றுப் புத்தகத்திலிருந்து எடுத்து நான்தான் அந்தக் கவரில் சேர்த்து வைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைப் போலவே பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் கவரைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். “நாங்க பொண்ணு கேட்டோம், நீங்க பயில்வான அனுப்பிக்கிறீங்க. எம்புள்ள ஒல்லியான ஆளு, இது கோச்சிக்கினு ஒரு தட்டு தட்டுனா அவன் இன்னாவான்” என்றார்களாம். பக்கத்து வீட்டு அம்சவல்லி அக்கா அப்போது பார்த்துத்தானா மோர் வாங்க வரவேண்டும். மறுநாள் குழாயடியில் அவ்வளவு பேருக்கு நடுவில், “இன்னா ஷாலினு, உங்கக்கா துபாய்ல மூட்ட தூக்குதாமே, அதுக்கு ஏன் பிளேன் ஏறணும், நம்ம ரைஸ்மில்லுலயே தூக்கியிருக்கலாமே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு எந்த வெளிநாடும் துபாய்தான், மஸ்கட், ஆஸ்பத்திரி வேலை என்று சொல்ல வாயெடுத்து அழுகை வந்ததால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. கவரில் வைத்தது ஸ்டூடியோ போட்டோ மட்டும்தான், அதனால் இதை நீயே மாப்பிள்ளை வீட்டுக்கு நேராக அனுப்பிவிட்டாய் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். “கல்யாணம் வேணாம்னா வாயத் தொறந்து சொல்றதுதான. இப்டி போட்டோவ அனுப்பி மாப்ள வூட்டுக்காரன வெரட்டுவாளா. அவ அங்க இன்னா பண்ணிக்கினு கீறான்னு யாருக்குத் தெரியும், கூப்புடு இங்க” என்று கத்தினார். நான்தான் வைத்தேன் என்று சொல்ல அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பேனாவைக் கையில் கொடுத்து எழுது என்றார், எழுதினேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல் அக்கா, ஆனால் வந்துவிடாதே. ஜூலை எட்டாம் தேதி உன் மெடிக்கல் டெஸ்ட் இருக்கிறதென்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆள் எடை கட்டிய ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைத்தால்தான் அடுத்த இரண்டு வருடத்துக்கு வேலை, இல்லையென்றால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே. அதற்கு முன்னால் நீயாக வந்துவிட்டால் மறுபடி உள்ளேயே விடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய்.

உன் கடிதம் வந்தால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஜெபமாலை முடிந்ததும் நான் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும். நீ பென்சிலால் கோடு போட்ட இடத்தை எல்லாம் தாண்டிவிடச் சொல்லியிருந்தாய், தாண்டினேன். நோயாளியைப் புரட்டும்போது முதுகு பிடித்துக்கொண்டது, ஜிம்முக்குப் போவது, மெடிக்கல், ஒன்றையும் நான் வாய்விட்டுப் படித்ததில்லை. அந்த இடங்களில் வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை என்று நானே சேர்த்துப் படித்தேன். எல்லாரும் படுத்த பிறகு கோடு போட்ட இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். அதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

முதுகைச் சரிசெய்ய நீ முதலில் போன பெரிய ஜிம்மில் அந்த மீசைக்காரர் எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையைத் தட்டி இன்னும் இன்னும் என்று தூக்கவைத்து, மறுநாள் நீ கட்டிலிலிருந்து உருண்டு இறங்கினாய். நானாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். நீ மூன்று நாள் படுத்திருந்துவிட்டு, தப்பு ஜிம்மில் இல்லை, சொல்லித்தருகிற ஆளில்தான் இருக்கிறது என்று எழுதினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாகப் போய் தூக்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிற ஆள் யார் என்று தேடினாயே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டாக்டரையே எதிர்த்து ஒரு கேள்வி கேட்க மாட்டோம் நாம். கடைசியில் உன் ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற, உன்னைவிட இரண்டு வயது சின்னவளான ஜமீலாவைக் கண்டுபிடித்தாய். எந்த நோயாளி, எந்தப் பக்கம் புரட்டினாய், தலையணையை வைத்துக் காட்டு என்றாளாம். ஒரு மாதம் இரும்பையே தொடவிடாமல் முக்காலியில் உட்கார்ந்து எழு, துடைப்பக்கழியைத் தோளில் வைத்துக் குனி என்றாளாம். நான் துடைப்பம் தூக்கவா வந்தேன் என்று நீ கத்தினதற்கு, இதையே கோணலாகத் தூக்குகிறாய், இரும்பை எந்த தைரியத்தில் தருவேன் என்றாளாம். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கூட வருவதற்கு ஆள் தேடி ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் சீட்டு ஒட்டினாயே, காலை ஐந்தரைக்கு வரவேண்டும், அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது என்று, அதை உன்னைத் தவிர யாரால் எழுத முடியும். முதலில் வந்தவள் இரண்டு நாளில் தூங்கிவிட்டாள், அடுத்தவள் தூங்காமல் புருஷன் கதையே சொன்னாள், மூன்றாவதாக பிலிப்பைன்ஸ்காரி லூர்து ஐந்தேகாலுக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நைட் டியூட்டி என்றால் ரூமுக்குப் போகாமல் நேராக வந்துவிடுவாள் என்று எழுதியிருந்தாய். நீ தூக்கும்போது அவள் பின்னால் நின்று இரண்டு கையையும் தடிக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தொடக்கூடாது, நீ கீழே போய்விட்டால் மட்டும்தான் தொட வேண்டும். இதைப் படித்த பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அவள் கைக்கும் தடிக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் இப்படி ஒருத்தியைத் தேடிப் பிடித்தாயே அக்கா. இங்கே கூடப் பிறந்த நான் பேனாவைக் கீழே வைக்கப் பயந்துகொண்டு உனக்குப் பொய் எழுதியிருக்கிறேன்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, மெடிக்கல் அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்காதே, நீ எழுதினதுதான், நான் குடம் தூக்கும்போதும் அப்படித்தான் செய்கிறேன், முழங்காலை மடக்குகிறேன். இந்தக் கடிதத்தை நம் ஊர்ப் பெட்டியில் போட்டால் தபால்கார பாண்டுரங்கன் மாமா அப்பாவிடம் சொல்லிவிடுவார், அதனால் நாளை பள்ளிக்கூடம் போகும்போது ஸ்ரீபெரும்புதூரில்

மேலே பாதியில் நின்றுவிட்டது அக்கா. அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறாள். இன்னாடி பண்றே என்றாள். ஹோம்வொர்க் என்றேன். “ஹோம்வொர்க் எழுதறவ ஏண்டி அழுவுற” என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போட்டோவை வைத்தது நான் என்றதும் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். உனக்கு முதுகு என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். இடது பக்கம், கீழே என்றேன். தன் முதுகில் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு உன் கடிதங்களைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து, ஒரு எழுத்து விடாமல் படி என்றாள்.

ஏழு கடிதத்தையும் மறுபடி படித்தேன், கோடு போட்ட இடங்களோடு. மூன்று மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். “இந்த எடத்துல நீ வெயிலு அதிகம்னு படிச்ச. நானும் நன்னாரி போட்டுத் தண்ணி குடிக்கச் சொல்லு இன்னேன்” என்றாள். அந்த மீசைக்காரரைக் கட்டையில் போகிறவன் என்று திட்டினாள். துடைப்பக்கழி வந்தபோது என்னைப் போலவே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பா அவளிடம் கிழித்துப் போடச் சொல்லியிருந்த போட்டோவை அவளே அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்தாள். அதைச் சிம்னியருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “பின்னாடி கீறவ தொடவே இல்லியே, இவளேதான் தூக்கிக்கினு கீறா” என்றாள். ஆமாம்மா என்றேன். குன்றத்தூர் மாப்பிள்ளை போனது அவளுக்கு இன்னும் வருத்தம்தான், நல்ல இடம் என்று இரண்டு முறை சொன்னாள், நான் மறைக்கவில்லை.

அப்பா வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “அந்தாள நான் பாத்துக்கறேன். நீ தபாலு போட வாணாம், விடிஞ்சதும் பஸ்ஸேறிப் போய் நானே பெரும்புதூர்ல போடறேன், எவ்ளோ டாம்பு ஒட்டணும்னு மட்டும் சொல்லு” என்றாள். பிறகு தான் சொல்வதை எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். திருத்தி எழுதாதே, சொல்றது அப்படியே வரணும் என்கிறாள். அவள் சொன்னது இது.

“மேரி, நான் நல்லாத்தான் கீறேன். நீ வராத. எட்டாந்தேதி அத்த முடிச்சிட்டு, லீவு குடுத்தா வா. முதுகு நோவுதுன்னு எனக்கு நீ சொல்லியிருக்கணும், எங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவ. இனிமே கோடு கீடு போடாத. அந்த ஜமீலா சொல்ற பேச்சக் கேளு. அந்த லூர்துப் பொண்ணு நைட்டு முடிச்சி வெறும் வயித்தோட வருதே, அதுக்கும் சேத்து எதனா ஆக்கிக் கொண்டு போ. உன் கையிக்கும் முதுகுக்கும் மாதா பலத்தக் குடுப்பா. நெஜமாவே எனக்கு ஒண்ணுன்னா நான் பேர எழுதி அனுப்பறேன். என் பேரு இல்லாத கடுதாசிய நம்பாத.”

நேற்றைய கடிதத்தில் அப்பா கையெழுத்து மட்டும்தான் இருக்கும் அக்கா, பார். எப்போதும் கீழே அம்மாவும் தன் பேரை எழுதுவாள். நேற்றுக் கூப்பிட்டபோது, கையெல்லாம் சாணியாக இருக்கிறது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். இப்போது பேனாவை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள். முதல் எழுத்துக்கே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சவுரியம்மாள்