மாப்பிள்ளையின் மாங்கட்டைகள்

ஐப்பசி 3, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிற மாதிரி வந்து பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டது. புளி காயவில்லை.

மாட்டுத் தொட்டியில் கட்டைகள் ஊறுகின்றன. மாப்பிள்ளை வேலை. (இனி மா. என்றே எழுதுவேன். முழுதாக எழுதினால் மை வீண். யுத்தத்தில் மையும் அரிசி மாதிரி ஆகிவிட்டது.) மாடு தொட்டியை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு இருக்கிற புத்தி.

புயலில் விழுந்த என் மாமரம். பிளந்திருந்தால் இரண்டு வருஷத்து விறகு. அதை முழம் முழமாக அறுத்து, கோடாலியால் கொத்தி வாய் பிளந்து, ஏரிக்கரையில் பட்டுப்போன மரத்திலிருந்து பிடுங்கின காளானைக் கஞ்சியோடு மசித்து அந்த வாயில் அப்பி, வேப்பமர நிழலில் கோணி போர்த்திப் படுக்க வைத்தாயிற்று. மாசி மாதத்திலிருந்து நேற்று வரை இந்தப் படுக்கை, இன்று தொட்டிக் குளியல். இந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பக்குவம் நடந்ததில்லை.

கட்டையில் காளான் பயிராகுமாம். ரங்கூனில் அடுத்த வீட்டுச் சீனாக்காரன் செய்வானாம். மழை பெய்தால் புற்றுக்குப் புற்று தானாக வருகிற சரக்கு. அதைப் பயிர் செய்ய ஓர் ஆண்பிள்ளை.

ரங்கூன் மரக்கிடங்கில் குமாஸ்தாவாம். இங்கிலீஷ் வருமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நெல் அளந்ததில் ஒரு படி தவறவிட்டதில்லை. ரங்கூனில் குண்டு விழுந்ததும் இவன் வேலை, வீடு, பெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வேட்டியோடு வந்து நிற்கிறான்.

நேரில் மரியாதைக்குக் குறைவில்லை. நேரில் பேசுவதே இல்லை. சொல்ல வேண்டியதை மாட்டைப் பார்த்துச் சொல்வேன்.

ஐப்பசி 4, வெள்ளி

சாரல். வாசல் மெழுகியது. தலைக்கு வெறும் சீயக்காய், எண்ணெய் கிடைக்கவில்லை.

விடிந்ததும் கொல்லையில் தட் தட். போய்ப் பார்த்தால் மா. உலக்கையால் கட்டைகளைச் சாத்திக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, தலையில் நாலு, இடுப்பில் நாலு. என் உலக்கை.

மகள் ருக்கு (இனி ரு.) விளக்கம் சொன்னாள்: "கட்டை தூங்கினு கீதாம்மா. அடிச்சா இடி இடிக்குதுன்னு நெனச்சி முழிச்சிக்குமாம். சீனாக்காரரு இப்டித்தான் அடிப்பாரு, நானே பாத்துக்கீறேன்."

வேலிக்கு அந்தப்புறம் அஞ்சலை. அவளுக்குக் காது மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"இன்னா பெரீம்மா, காலங்காத்தால உங்க மருமவன் கட்டையப் போட்டு சாத்தினு கீறாரு? காத்து கருப்பு எதுனா அடிச்சிச்சா?"

"கட்டையத்தான சாத்துறாரு. பொண்டாட்டியவா?"

அவள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். போய்விட்டாள். மா.வுக்காகப் பரிந்து பேசவில்லை. அவள் வாயை மூட வேண்டியிருந்தது.

ஐப்பசி 9, புதன்

இரண்டு நாளாக நல்ல மழை. ரேஷன் அரிசியில் பாதி கல், பாதி புழு. புடைத்தே முதுகு போயிற்று.

புடைக்கும்போது ரு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லைப் பொறுக்குகிறாளா, அரிசியைப் பொறுக்குகிறாளா, அவளுக்கே தெரியவில்லை. கேட்டேன்.

"அவரு பேரு குடுத்துட்டாரும்மா."

"எதுக்கு?"

"ரோட்டு வேலைக்கி. மிலிட்டேரி ரோடு. மேஸ்திரி ஆள் எடுக்குறாராம். வர்ற புதங்கெழம பூந்தமல்லிலேர்ந்து லாரி."

"எந்த ஊர்ல ரோடு?"

"அஸ்ஸாம்ல. நாங்க நடந்து வந்தோமே, அந்தப் பக்கம்."

முறத்தைக் கீழே வைத்தேன். ரங்கூனிலிருந்து மூன்று பேராகப் புறப்பட்டு இரண்டு பேராக வந்தவர்கள். என் பேரன் அந்தக் காட்டில் ஏதோ ஒரு மரத்தடியில். எந்த மரம் என்று நான் கேட்டதில்லை. அவன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"இங்க சோத்துக்கு இன்னா கொறச்சல்?"

"அதான் தொண்டையில எறங்க மாட்டேங்குதாம். நீ மாட்டப் பாத்து பேசுறதெல்லாம் அவருக்குக் கேக்குதும்மா."

கேட்கத்தானே பேசுகிறேன். முறத்தை மறுபடி எடுத்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். ஆவடி மிலிட்டரி கேம்பில் துரைகளுக்குச் சமைக்கிற பட்லரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அங்கே விருந்தாம். துரைகள் காளான் என்றால் உயிரை விடுவார்களாம். ஒரு கூடை கொண்டுவா, சரக்கு நன்றாக இருந்தால் வாராவாரம் எடுக்கிறேன் என்றானாம் பட்லர். அது நடந்தால் லாரி ஏறமாட்டேன் என்று ரு.விடம் சொல்லியிருக்கிறான். நடக்காவிட்டால் ஏறுவான்.

ஆக, என் மகள் வாழ்வு இப்போது கட்டை முழித்துக்கொள்வதில் இருக்கிறது. வெட்கக்கேடு.

ஐப்பசி 11, வெள்ளி

மழை விட்டு விட்டு. வீட்டில் இல்லாதவை: மண்ணெண்ணெய், சர்க்கரை, காய்ந்த சுள்ளி. இருப்பது: கட்டை.

கட்டைகளுக்குக் கீழே மண்ணில் குடை குடையாகக் காளான். பார்க்க லட்சணம். அஞ்சலை வேலி மேல் ஏறாத குறை: "வந்துட்ச்சி பெரீம்மா, உங்களுது வந்துட்ச்சி. ஒரு சட்டி குடுங்க, கொழம்பு வெக்கிறேன்."

மா. வந்தான். பார்த்தான். மண்வெட்டியால் வழித்துக் குழியில் தள்ளி மூடினான்.

"அய்ய, இன்னாத்துக்கு அண்ணாத்தே?"

"அது மண்ணுல வந்தது. எனக்கு அது இன்னான்னு தெரியாது. தெரியாதத துன்னக் கூடாது."

இதுவரை அவன் சொன்னதில் உருப்படியான பேச்சு இது ஒன்று. அதையும் அஞ்சலையிடம் சொல்லி வீணாக்கினான்.

கட்டைகளில் ஒன்றும் இல்லை. கொத்தின வாயோரம் ஊசி முனையளவு வெள்ளை வெள்ளையாக இருக்கிறது என்கிறாள் ரு. எனக்குக் கண் தெரியவில்லை. தெரிந்தாலும் குனிந்து பார்ப்பதாக இல்லை.

ஐப்பசி 13, ஞாயிறு

மழை இல்லை. வெயில் இல்லை. ஒரு மாதிரி வெளுப்பு.

வந்துவிட்டது. நாலு கட்டையில் மட்டும். மற்றவை பிணம் மாதிரி கிடக்கின்றன. ஆனால் அந்த நாலில் அடுக்கடுக்காக, வெள்ளையாக, காது காதாக. மா. அறுத்து அறுத்து வாழையிலை போட்ட கூடையில் வைத்தான். கூடை நிரம்பியது. அவ்வளவுதான், மேலே ஒரு பிடி இல்லை.

அப்புறம்தான் ரு. ஆரம்பித்தாள். கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, மொத பறிப்பு. திருவேற்காட்டு ஆத்தாளுக்குல்ல போவணும்?"

போக வேண்டியதுதான். இந்த வீட்டில் முதல் கத்திரிக்காய், முதல் பூசணி, கன்று போட்ட மாட்டின் முதல் பால், எதுவானாலும் முதல் பறிப்பு முழுக்க அம்மனுக்கு. பாதி கொடுத்துப் பாதி விற்கிற வழக்கம் கிடையாது. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து தவறவிட்டதில்லை. தவறவிட்டவர்களை நானே பேசியிருக்கிறேன். அஞ்சலை முதல் புடலையை மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள் என்று ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

மா. கூடையைக் கீழே வைத்துவிட்டான். அத்தை என்ன சொல்கிறார்களோ அப்படி என்றான், ரு.வைப் பார்த்து. ஏமாளி. அடுத்த பறிப்பு எப்போதோ. லாரி புதன்கிழமை. இதை எடுத்து வைத்தாலும் நாளைக்குள் தண்ணீராகிவிடும். எல்லாம் தெரிந்தும் நிற்கிறான்.

ரு. கண்ணைத் துடைத்துக்கொண்டே கோயிலுக்கென்று மஞ்சள் துணி எடுக்கப் போனாள். அப்போது சொன்னேன்:

"துணிய வையி. இது காயா? கனியா? பூ உட்டுச்சா, பிஞ்சி உட்டுச்சா? கட்டையில வந்த சொறி. சொறியக் கொண்டும்போயி ஆத்தா முன்னால வெப்பியா நீ?"

"அம்மா, குத்தமாயிட்டா?"

"ஆத்தா கேட்டா என்னக் கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன். ஆவடிக்கிப் போவச் சொல்லு, வெயில் ஏறுது."

கோயில் வாசல் வழியாக வேண்டாம், ஏரிக்கரையைச் சுற்றிப் போகட்டும் என்றும் சொன்னேன். பயந்து அல்ல. அந்த வழியில் நிழல் இருக்கிறது.

மாலை. ஆள் இன்னும் வரவில்லை. விருந்து மத்தியானத்துக்குத்தானே. ரு. மூன்று தரம் தெருமுனைக்குப் போனாள். சாதத்தைத் தொடவில்லை. எனக்கும் பசியில்லை, நெஞ்செரிச்சல்.

விளக்கு வைத்த பிறகு வந்தான். கூடை காலி. பட்லர் ஒரு பிடி வதக்கி இவனையே தின்ன வைத்தானாம். தின்றவனை அடுப்பங்கரையில் உட்கார்த்தி வைத்திருந்தானாம், சாகிறானா என்று பார்க்க. சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் துரைகளுக்குப் போட்டானாம். ராத்திரி விருந்துதானாம், இவன் பகல் என்று புரிந்துகொண்டு போயிருக்கிறான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு கூடை கேட்டுக்கீறாரு" என்றான். இருக்கிற கட்டையில் ஒரு கூடைக்கே இழுபறி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

ஐப்பசி 14, திங்கள்

தூறல். சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. அம்மன் கனவில் வரவில்லை. வந்தால் பேச நான்கைந்து வார்த்தை தயாராக வைத்திருந்தேன். புளியை மறுபடி உலர்த்தினேன், மறுபடி நனைந்தது.

ஐப்பசி 16, புதன்

மழை வலுத்துவிட்டது. காலையில் மேஸ்திரியின் ஆள் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றாத பயல்.

"ஆள் கெளம்பிட்டாரா? லாரி நிக்கிது."

"வர்ல."

"பேரு குடுத்துக்கீறாரே, ஆயா."

"குடுத்த பேர எடுத்துக்கினு போ. ஆள உட்டுட்டுப் போ."

"மேஸ்திரி கோச்சிக்குவாரு."

"அவர வரச் சொல்லு. செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு."

போனான். இந்தத் தெருவிலேயே ஐந்தாறு பேர் ஏறியிருக்கிறார்கள். அஞ்சலையின் மூத்தவனும். அவள் அழுத சத்தம் மழையிலும் கேட்டது. மத்தியானம் ஒரு சட்டி ரசம் கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பவில்லை.

லாரி கரையான்சாவடிப் பக்கம் போன பிறகும் ரு.வுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆள் இருக்கிறானா என்று இரண்டு தரம் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. கட்டைகளுக்கு நடுவில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான் மடையன். இருமுவது இங்கே உட்கார்ந்தாலே கேட்கிறது.