முழுச் சிரிப்பு

என் வீட்டு மகாராணிக்கு,

மகளும் பச்சைக் குழந்தையும் நலம்தானே? சிறுநீரகம் மாற்றிய பிறகு யாரும் என்னை அண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை. சாப்பாடு வாசலுக்கே வந்துவிடுகிறது. நீ அங்கேயே நிம்மதியாக இரு.

போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பாய், அதனால் எழுதுகிறேன். என் சலூனுக்கு வருகிறவர்களும் நானும் மாலையில் வீடியோவில் கூடி அரட்டையடிப்போம் அல்லவா? போன வாரம் கடிகாரக் கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. அவர் வீட்டில் தனி ஆள். நான் வருடக்கணக்காகச் சவரம் செய்த முகம் அது.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க," என்றேன். பாதி முகம்தான் சிரித்தது.

"கையத் தூக்குங்க!" ஒரு கைதான் எழுந்தது. பக்கவாதம் என்று புரிந்துவிட்டது.

"டேய் எலக்ட்ரீஷியன், உனக்குப் பக்கத்துத் தெருதானே? ஓடு! பூட்டியிருந்தா கதவ உடை!" என்று கத்தினேன். இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர்கள் போய்ச் சேரும்வரை, அவர் கண்ணை மூடிவிடாதபடி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் வந்தார். "சரியான நேரத்துல கொண்டுவந்துட்டாங்கன்னு டாக்டர் சொல்றாருய்யா. தாடி அரிக்குது, எப்பக் கடை திறப்பே?" என்று கேட்டு, முகம் முழுக்கச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்துவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "என்னாச்சுங்க?"

"ஜெயிச்சிட்டோம் சார்!" என்றேன்.

உன் வீட்டுக்காரன்