பெட்டிக்குப் பின்னால் நாலு எட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, உன் அம்மாவின் குரலுக்கு எந்தக் குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். அவருடைய இருமல் விட்டதா? விடவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல், செல்போனைப் பார்த்து மருந்து சாப்பிட வேண்டாம். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதமும் கையுமாக உட்கார்ந்தார் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பாள், அவளைப் பற்றியே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் நான் எங்கே போய்ச் சொல்வது? போன மாதம் நீ கோபமாகக் கேட்டாயே, ஏம்ப்பா, அம்மா செய்யிறதை ஒரு தடவை நல்லாயிருக்குன்னு சொன்னா உங்க வாயிலிருந்து முத்து உதிர்ந்துடுமா என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதனால் பொறுமையாகப் படி.

நம் வீட்டுக்கு எதிரே நிற்கும் சாம்பல் நிற மின்பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். ஆபீசில் அதைப் பில்லர் பாக்ஸ் என்போம், தெருவுக்கு வரும் கரண்ட்டை வீடு வீடாகப் பிரித்து அனுப்பும் பெட்டி. முப்பத்தோரு வருஷம் லைன்மேனாகவும் ஃபோர்மேனாகவும் அதைத் திறந்து மூடியே என் காலம் போனது, அது போதாதென்று நான் ரிட்டயர் ஆன அதே வாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் ஜன்னலுக்கு நேர் எதிரே நட்டார்கள். என் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் தெருமுனைத் திருப்பம் தெரியும். உன் ஸ்கூல் பஸ் அங்கேதான் நிற்கும், நீ பையை ஆட்டிக்கொண்டு திரும்பி வருவதை இங்கிருந்தே பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். பெட்டி வந்த பிறகு திருப்பம் போயே போச்சு. ஆறு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு டீ டம்ளரைப் பிடித்தபடி அந்தச் சனியனைத் திட்டுவது என் வழக்கம். உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, அது என்ன பாவம் பண்ணிச்சு, உங்க ஆபீஸ் பெத்த பிள்ளைதானே என்பாள்.

இந்த நிலைமையில் நம் தெரு சங்கம் கூடி, தெருவில் உள்ள பன்னிரண்டு பெட்டிகளிலும் ஓவியம் தீட்டுவது, அந்தந்தப் பெட்டிக்கு எதிர்வீட்டுக்காரர்களே தீட்டுவது என்று முடிவு செய்தது. போஸ்டர் கிழிசலும் வெற்றிலைக்கறையுமாக இருக்கிற பெட்டிகள், அழகானால் யாரும் அசிங்கம் பண்ண மாட்டார்கள் என்பது செயலாளர் மீசைக்காரரின் வாதம். நான் எழுந்து, ஐயா, அது கரண்ட் பெட்டி, கல்யாண மேடை இல்லை, உங்கள் இஷ்டத்துக்குப் பூசினால் காற்றுத்துளை அடைபடும், உள்ளே சூடேறும், கதவு பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும், ஃபியூஸ் போன நேரத்தில் திறக்க முடியாமல் லைன்மேன் உங்களைத்தான் சபிப்பான் என்றேன். நியாயமான பேச்சுதானே? மீசைக்காரர் சிரித்துக்கொண்டே, சார், நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் பெட்டியை விட மாட்டேங்கிறீங்களே என்றார். கூட்டமே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்கு ஒரு புகார் எழுதினேன். காற்றுத்துளை, கதவு இடுக்கும் கீலும், பூட்டு, அபாயப் பலகை, பெட்டி எண், கடைசியாக ரோட்டில் இருந்து பார்த்தால் பெட்டி பெட்டியாகவே தெரிய வேண்டும் என்று ஆறு அம்சம், ஒவ்வொன்றுக்கும் காரணம், கீழே பெயர் வேண்டாம் என்று ‘பொதுநலம் விரும்பி’. தபாலில் அனுப்பினேன். நகல் இல்லாமல் ஒரு கடுதாசி அனுப்ப இந்தக் கை இன்னும் பழகவில்லை, வீட்டில் கார்பன் எங்கே இருக்கும் என்று தேடி உன் அம்மாவின் தையல் டிராயரில் இருந்து ஒரு தாளை எடுத்து நகலும் போட்டு ஃபைலில் வைத்தேன், கார்பனை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

ரெண்டு நாள் கழித்து அவள், நம்ம பெட்டியை நானே பண்றேன் என்றாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவளுக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரியுமா என்று மனதுக்குள் நினைத்தேன், வாயாலும் சொன்னேன். அவள் கண்டுகொள்ளவில்லை. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்ப் பெட்டிக்கு ஆள் அளவு எடுப்பது போல உயரம், அகலம், தோள்பட்டை என்று அளந்தாள், பழைய பேப்பரை ஒட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு சட்டையே வெட்டிவிட்டாள். அடுத்த தெரு டிராயிங் டீச்சர் வந்து பூவும் வண்ணத்துப்பூச்சியும் போடுங்க, சுலபம் என்றதற்கு, பூ எல்லாருக்கும் பொருந்தும் டீச்சர், இது ஒருத்தருக்குப் பொருந்தினா போதும் என்று அனுப்பிவிட்டாள். ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்த என்னைத் தலையை ஆட்டாதீங்க என்று அதட்டி, ஜன்னல் கண்ணாடியில் தையல் சாக்பீஸால் கோடு கோடாகக் கிழித்தாள், கம்பியில் நூலைக் கட்டி என் மூக்கு வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நாற்காலியில் ஒயர் அறுந்துவிட்டது என்று சொல்லிப் பின்னக் கொடுத்துவிட்டாள், வெயில் அடிக்கிறது என்று ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினாள். பதினோரு நாள் சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்துதான் டீ குடித்தேன்.

இதற்கு நடுவில் ஆபீசில் இருந்து சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. புகார் வந்திருக்கிறது, இன்ஜினியர் நேரில் வந்து சோதிப்பார், குறை இருந்தால் பன்னிரண்டு பெட்டிக்கும் மறுபடி சாம்பல் பெயிண்ட். தெருவே கொதித்துப்போனது. எந்தக் கடன்காரன்டா இதை எழுதினான், கையில் மட்டும் கிடைச்சான்னா என்று மீசைக்காரர் மீசையை முறுக்கினார், நான் அவர் பக்கத்திலேயே நின்று ஆமாமா என்று தலையாட்டினேன். வெட்கக்கேடு. அன்று சாயங்காலம் ரோட்டில் நின்று உன் அம்மா தீட்டியதைப் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல, ஒரு தெருவின் படம், ஆனால் சுவர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, ரோடு கோணலாக வழிகிறது, முன் பக்கத்தில் ஆரம்பித்த கோடு பக்கவாட்டில் வேறு எங்கோ போய் முடிகிறது. பாவம், சரியாக வரவில்லை என்று நினைத்தேன். நெற்றியில் பெயிண்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் குறை சொல்லவில்லை, அதுவும் குற்ற உணர்ச்சியால். இந்தக் கோணல் படத்தையும் என் கடுதாசி அழித்துவிடப் போகிறதே என்று ராத்திரி சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சோதனைக்கு வந்த இன்ஜினியர் உன் வயசுப் பெண், கையில் என் புகார். முதல் வீட்டில் இருந்து ஒவ்வொரு அம்சமாகப் படித்துப் படித்துப் பார்த்தாள், தெரு முழுக்கப் பின்னாலேயே நடந்தது. ஒரு பெட்டியில் மீன் நீந்துகிறது, காற்றுத்துளை அதன் செதிலாக இருக்கிறது, ஒரு துளைகூட அடைபடவில்லை. இன்னொன்றில் புத்தக அலமாரி, கதவு இடுக்கு இரண்டு புத்தகத்துக்கு நடுவில் வருகிறது. பூட்டில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை, எண்கள் பளிச்சென்று இருக்கின்றன, கீல்கள் எண்ணெய் போட்ட மாதிரி திறக்கின்றன. பன்னிரண்டிலும் இதே கதை. நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் பூசிய பெட்டிகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இன்ஜினியர் ஆச்சரியப்பட்டு இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்க, எல்லாரும் உன் அம்மாவைக் கைகாட்டினார்கள். அவள்தான் தீட்ட ஆரம்பிக்கும் முன்பே வீடு வீடாகப் போய், இது இது தொடக்கூடாது என்று ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாளாம். உங்களுக்கு யாரும்மா சொன்னது என்று அந்தப் பெண் விடவில்லை. உன் அம்மா டேப் வைக்கும் பையைத் திறந்து ஒரு கார்பன் தாளை எடுத்து, அளவுச் சீட்டு இல்லாம நான் எதையும் வெட்ட மாட்டேன் மேடம் என்று நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தால் என் கையெழுத்து, ஆறு அம்சமும், பொதுநலம் விரும்பியும். சட்டைத் துணியில் குறி போட எடுத்தபோது பார்த்தாளாம், அனுப்பிய மறுநாளே.

இன்ஜினியர் புகாரையும் கார்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் எழுதியது என்று உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னால்தான் நிற்க முடியவில்லை. நான்தான் எழுதினேன், புத்தி கெட்டுப்போய் எழுதினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மீசைக்காரர், அப்போ இது நல்லா வந்ததுக்கும் நீங்கதான் காரணமா சார், திட்டவும் முடியலையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கடைசி அம்சத்துக்கு டிக் போட்டுக்கொண்டே, பெட்டி பெட்டியாத்தான் தெரியுது, ஆனா ஏம்மா உங்களோடது மட்டும் கோடெல்லாம் சாஞ்சிருக்கு என்று கேட்டாள். உன் அம்மா, அது ரோட்டுல நிக்கிறவங்களுக்குத் தைச்சது இல்ல மேடம் என்றாள். இன்ஜினியர் பன்னிரண்டு பெட்டியும் இப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை என் நாற்காலி புது ஒயரோடு ஜன்னல் ஓரம் இருந்தது. ஏழு மணிக்கு டீயைக் கையில் கொடுத்து, முதுகை நல்லாச் சாய்ச்சு உக்காருங்க என்று சொல்லித் திரையை இழுத்தாள். பெட்டி இல்லை, மகளே. அந்த இடத்தில் தெருமுனைத் திருப்பம் இருந்தது. கோணலாகப் போன சுவர் நிஜச் சுவரோடு சேர்ந்து ஒரே சுவராக நின்றது, வழிந்த ரோடு நிஜ ரோட்டில் போய் ஒட்டிக்கொண்டது, காற்றுத்துளைகள் முனை வீட்டு கேட்டின் கம்பிகளாகிவிட்டன, அபாயப் பலகைக்குக் கீழே ஒரு கம்பம் போட்டு அதைத் தெருப் பலகையாக்கிவிட்டாள், ஏழு மணி நிழல்கூட நிஜ நிழலோடு சேர்கிறது. டம்ளரை வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையின் பாக்கெட்டை அவள் விரலால் தொட்டு, இதுல கட்டத்தோட கட்டம் சேர்ந்து பாக்கெட் இருக்கிறதே தெரியாம தைக்கிறேன்ல, அதே வேலைதான், போடுறவர் உக்காருற இடமும் உயரமும் தெரிஞ்சா போதும் என்றாள். தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன், கோடுகள் பிரிந்தன, மறுபடி சாய்ந்தேன், சேர்ந்தன. இந்த உலகத்தில் இந்த ஒரு நாற்காலிக்கு மட்டும், இந்த ஒரு தலைக்கு மட்டும். நான் ஆபீசுக்குப் புகார் எழுதியது தெரிந்த பிறகும் எனக்காகத் தீட்டியிருக்கிறாள். நல்லாயிருக்கு என்றேன். என்ன சொன்னீங்க, காதுல விழலையே என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்ன சார் ஆச்சு என்று கேட்கும் வரை என்னைச் சொல்ல வைத்தாள், உன் அம்மா அல்லவா. முத்து ஒன்றும் உதிரவில்லை, கண்ணில் இருந்துதான் கொஞ்சம் உதிர்ந்தது, அதை அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதில் ஒரே ஒரு குறைதான், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரு எப்போதும் காலியாக இருக்கிறது. முனையில் திரும்பி வருகிறவர்கள் பெட்டிக்குப் பின்னால் வரும்போது திடீரென்று மறைந்துபோகிறார்கள், நாலு எட்டு வைத்த பிறகுதான் இந்தப் பக்கம் வெளியே வருகிறார்கள். தபால்காரர், பேப்பர்க்காரர், டிராயிங் டீச்சர் எல்லாரும் இப்படித்தான். அவள் யாரையாவது வரைந்திருக்கலாமே என்று கேட்டேன். வரவேண்டியவ தானா வரட்டும், வரைஞ்சு வெச்சுட்டா வந்துட்டான்னு நீங்க நிம்மதியா உக்காந்துடுவீங்க என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க இங்கிருந்து இருவரும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையின் கழுத்தளவை மறக்காமல் எழுதி அனுப்பு, அம்மா கட்டம் போட்ட துணி வாங்கி வைத்திருக்கிறாள். நீ இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா, காலை ஏழு மணிக்கு வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடு. முனையில் இறங்கிக்கொள், வாசல் வரை வண்டியில் வராமல் நடந்து வா. நான் இங்கே சாய்ந்து உட்கார்ந்திருப்பேன், நீ மறைந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இந்தத் தடவை பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் பாசமுள்ள அப்பா,
பொதுநலம் விரும்பி