ஏலத்தில் வைத்த காற்றுப் பம்பு

என் அன்பான ஜெனி அப்பாவுக்கு,

போன இடத்தில் பஞ்சர் ஒட்டுகிற வேலை இருக்கிறதா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே அறிய ஆசை. வேலை என்பது கடவுளின் ஈவு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அங்கே சும்மா உட்கார்ந்திருப்பீர்களா?

நான் அப்போது விட்டதில்லை. "வேர்வ சிந்தி ஒழைக்கிறது ஆதாமுக்குக் கெடச்ச தண்டனைங்க. அதப்போயி ஈவுங்கிறீங்களே?" என்பேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடியே நீங்கள் சொல்வீர்கள்: "தோட்டத்தப் பாத்துக்கன்னு கடவுள் சொன்னது அவன் பழத்தத் திங்கிறதுக்கு முன்னாடி. வேர்வதான் பொறகு வந்துச்சு." எனக்குப் பாதிதான் விளங்கியது.

அந்த அறுப்பின் பண்டிகை நினைவிருக்கிறதா? மாத்தளையில் நம் ஆலயத்தில் எல்லாரும் பூசணியும் வாழைக்குலையும் படைக்க, நீங்கள் காற்றுப் பம்பைப் பீடத்தில் வைத்தீர்கள். படைத்ததெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும் என்பதை மறந்தேபோனீர்கள். நம் ஊர் மரக்கறிக் கடை சாமுவேல் அண்ணன் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட, உங்கள் பம்பை நீங்களே ஏலம் கேட்டு மீட்டீர்கள். சபையே வயிறு வலிக்கச் சிரித்தது. நாலந்தாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "குடுத்தேன், திரும்ப என் கையிலேயே குடுத்துட்டாரு" என்றீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு நம் சைக்கிள் கடையை மூடத்தான் நினைத்தேன். ஆனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். முதலில் காற்று மட்டும் அடித்தேன், பிறகு பஞ்சரும் ஒட்டப் பழகினேன். "ஒனக்கு எதுக்குக்கா இந்த வேல? கடைய வித்துட்டு எங்களோட வந்து இரு" என்றான் கண்டியிலிருந்து வந்த என் தம்பி. இது தண்டனையா, ஈவா? நான் யாரிடம் கேட்பது?

அதனால் இந்த வருஷம் பம்பை நானே பீடத்தில் வைத்தேன். யார் ஏலம் எடுத்தாலும் கொடுத்துவிட்டுக் கடையை மூடிவிடுவது என்று மனதுக்குள் முடிவு. யாரிடமும் சொல்லவில்லை.

ஏலம் கூறியவர் கூவிக்கூவிப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமுவேல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அன்று விலை ஏற்றிய அதே மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசியில் போதகர் பம்பைத் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார்.

"யாரும் கேக்கலம்மா. இது ஒங்களுக்குத்தான்."

அங்கேயே அழுதுவிட்டேன்.

எல்லாரும் பேசிவைத்தார்களா? நீங்கள்தான் மேலிருந்து ஏதும் சொல்லிவைத்தீர்களா? சாமுவேல் அண்ணனிடமே கேட்டேன். "பம்ப வச்சு நான் என்ன செய்ய தங்கச்சி? என் சைக்கிளுக்குக் காத்தடிக்க நீங்கதானே வேணும்" என்றார்.

நாளைக் காலையில் கடை திறப்பேன். வேர்க்கும்போது முணுமுணுப்பேன், அது என் சுபாவம். ஆனால் அடுத்த பண்டிகைக்கும் இந்தப் பம்பைப் பீடத்தில் வைப்பேன், சத்தியம். ஏலத்தில் மீட்கத் தேவையான பணத்தையும் கையோடு கொண்டுபோவேன்.

கையில் கரியோடு,
உங்கள் வீட்டுக்காரி