என் பெயரில் செல்வியின் ரத்தம்

ஆக. 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். விழுப்புரத்தில் கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். வாங்க வேண்டியவை: கேப்பை மாவு, வெந்தயம், என் சர்க்கரை மாத்திரை (தீர்ந்து நாலு நாள்).

திண்டிவனம் போய் இறங்கினால் கேட்டிலேயே நோட்டீஸ். புதன்கிழமை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. எல்லோருக்கும் என்றால் நிரந்தர ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இல்லை. எல்லாம் நம்ம ஆரோக்கியத்துக்குத்தான் என்று எச்.ஆர். தம்பி சிரிக்கிறான். போன வருடம் கஸ்தூரி அக்காவிடமும் இப்படித்தான் சிரித்தான். சர்க்கரை முந்நூறு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார்கள். இன்னும் ஓய்வில்தான் இருக்கிறாள். அவள் இடத்தில் இப்போது லைன் லீடர் நான்.

பயமாக இருக்கிறது. வேலை போனால் இன்சூரன்ஸ் அட்டையும் போகும். வீட்டுக்காரரின் நெஞ்சு வலி வைத்தியம் மொத்தமும் அந்த அட்டையில்தான் ஓடுகிறது.

ஆக. 5, செவ்வாய்

செல்வியிடம் கேட்டேவிட்டேன். கெடாரிலிருந்து வருகிற காண்ட்ராக்ட் பெண். பொட்டலம் போடுவதில் என் லைனிலேயே வேகமான கை. இருபத்தெட்டு வயது, ஒல்லி. இவளுக்கு எங்கிருந்து சர்க்கரை வரும்?

மல்லாட்டை மிட்டாய், அதாவது கடலை மிட்டாய், செய்கிற இடம், அதனால் எல்லோருக்கும் தொப்பி, முகக்கவசம், நீல அங்கி. கண் மட்டும்தான் வெளியே. ரத்தம் எடுக்க வேனில் வருகிறவர்கள் டோக்கன் எண்ணைத்தான் பார்ப்பார்கள். என் டோக்கனோடு அவள் போனால் யாருக்குத் தெரியப்போகிறது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஒரு ஊசிதானேக்கா. குத்திக்கினு வர்றேன்."

பதிலுக்குக் கேட்டது இரண்டு தலைவலி மாத்திரை. முதலுதவிப் பெட்டிச் சாவி என்னிடம். எடுத்துக் கொடுத்தேன். தினமும் கொடுப்பதுதான்.

ஆக. 6, புதன்

முடிந்தது. மூன்று நிமிட வேலை. என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அவள் போனாள். நான் அந்த நேரத்தில் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் எல்லோரும் செல்வியைக் கிண்டல் செய்தார்கள். முகம் உப்பிப் பளபளவென்று இருக்கிறதே, புருஷன் நல்லா சோறு போடுகிறானா, இல்லை விசேஷமா என்று. அவளும் சிரித்தாள். செருப்பு காலில் ஏறவில்லையாம், பின்பட்டையை மிதித்துக்கொண்டு நடக்கிறாள். தண்ணீர் குடி என்றேன். குடித்தால் போக வேண்டும், போனால் அங்கியைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம், அதற்குள் லைன் தேங்கும் என்றாள். லைன் தேங்கினால் திட்டுகிறவள் நான்தான்.

ஆக. 9, சனி

மழை வரும் போல் இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. ஓட்டு வீட்டுச் சித்தி பெண்ணுக்கு நிச்சயம், போகவில்லை. வெந்தயம் ஊறவைத்தேன். மனசு எதிலும் நிற்கவில்லை.

ஆக. 11, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. கம்பெனி டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டார். சர்க்கரை சுத்தமாகச் சரி. மனசுக்குள் குதித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு தாளைத் திருப்பினார். கிட்னி என்ற இடத்தில் சிவப்புக் கோடு, இரண்டு முறை அடித்திருந்தது. வலி மாத்திரை போடுவீர்களா, எவ்வளவு நாளாக, முகம் கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "தள்ளிப் போடாதீங்கம்மா. உங்களுக்கு நாளு இல்ல."

நாள் இல்லாதது எனக்கு இல்லை, செல்விக்கு. மாடிப்படியில் இறங்கும்போதுதான் அது உறைத்தது.

பொங்கலிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, சில நாள் மூன்று. என் கையால்.

ஆக. 12, செவ்வாய்

டீ நேரத்தில் செல்வியை ஒதுக்கி அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவள் மெதுவாக எழுத்துக் கூட்டி மேல்வரியைப் படித்தாள்.

"இதுல உங்க பேருதானக்கா போட்டிருக்கு. உங்க நோவ எடுத்துக்கினு வந்து எந்தலையில கட்றீங்களே."

ரத்தம் உன்னுடையதுதானே என்றேன். வேனில் நூறு பாட்டில் இருந்தது, மாறியிருக்கும் என்றாள். பிறகு கை நீட்டினாள், மாத்திரைக்கு. கொடுக்கவில்லை. உங்கள் வேலைக்கு ஊசி குத்திக்கொள்ள நான் வேண்டும், என் தலை நோவுக்கு மாத்திரை மட்டும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் அவள் எதையோ வாங்கித் தண்ணீர் இல்லாமல் விழுங்கியதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் வேலை போகும், எனக்கும். நாளைக்கு யோசிக்கலாம்.

ஆக. 13, புதன்

அவள் புருஷன் ஏழுமலைக்கு போன் போட்டேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறார். செல்விக்கு முகம் வீங்குகிறது, ஒரு தடவை காட்டுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ரிப்போர்ட் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது.

"ஞாயித்துக்கெழம இட்டுக்கினு போறேங்க," என்றார்.

ஆக. 14, வியாழன்

செல்வி பஸ்ஸில் ஏறவில்லை. அவள் இடத்துக்குக் காண்ட்ராக்டர் வேறு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டார். அதே தொப்பி, அதே முகக்கவசம். இரண்டு முறை அவளைச் செல்வி என்று கூப்பிட்டேன். இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

ஆக. 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், ஆரோக்கியம் பற்றி எச்.ஆர். தம்பியின் பேச்சு. நல்ல ரிப்போர்ட் வந்தவர்களுக்குக் கைதட்டச் சொன்னான். செல்வி போன் எடுக்கவில்லை.

ஆக. 16, சனி

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி, வராந்தா பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். விடிகாலையில் செல்விக்கு வலிப்பு வந்ததாம், நினைவு இல்லை. ஏழுமலைதான் போன் செய்தார். ஓடி வந்தேன்.

இதற்கு முன் எப்போதாவது ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா என்று டாக்டர் அவரிடம் கேட்டார். "அவளுக்கு ஒண்ணுமே வந்தது இல்லீங்க. ஊசியே போட்டது கெடையாது," என்றார் ஏழுமலை.

தாள் என் பையில், நாலாக மடித்து. எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் படித்தார். மல்லிகா யார் என்றார்.

"நாந்தாங்க. பேரு என்னுது. ரத்தம் அவளுது."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். டாக்டர் மறுபடி தாளைப் பார்த்தார். இது எப்போது கைக்கு வந்தது என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்றேன்.